போலோ ஜி.டி.க்கு காயில்ஓவர் வாங்கப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

வால்பாறை ரோட்டில் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்த சமயத்தில், அந்த வளைவுகளில் வண்டி பரிசல் மாதிரி ஆட ஆரம்பித்தது. ஒரு வளைவில் சாய்ந்த உடம்பு நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அன்றைக்கு மலையிறங்கிய கையோடு காயில்ஓவர், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட், தேடத் தொடங்கினேன், அவசரத்தில் தப்பான செட்டையும் வாங்கினேன். பெயர் வேண்டாம், மலிவான பிராண்டு, செகண்ட் ஹேண்ட், ஷாக்கின் இறுக்கத்தைத் திருகி மாற்ற 32 கிளிக், கண்ணைப் பறிக்கிற நிறம். ஏழாவது மாதம் முன்பக்க வலது ஷாக் எண்ணெய் கக்கியது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டாவது செட்டை ஒழுங்காக வாங்குவதற்குள் தெரிந்துகொண்டதெல்லாம் கீழே இருக்கிறது.

உதாரணம் முழுக்க போலோதான், 105 குதிரைத்திறன் கொண்ட 1.2 லிட்டர் டி.எஸ்.ஐ. ஆனால் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்பது) பின்னால் டார்ஷன் பீமும் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை) உள்ள எந்த வண்டிக்கும், அதாவது ஸ்விஃப்ட், ஐ20 வகையறாவுக்கும், இதே கணக்குதான்.

படி 1: உங்களுக்கு உண்மையில் வேண்டியது காயில்ஓவர்தானா?

பாதிப் பேருக்கு வேண்டாம். 70,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு புது காயில்ஓவர் போட்டவர் "வண்டியே மாறிப்போச்சு" என்று சொல்வதில் பெரிய பங்கு காயில்ஓவருக்குச் சேராது, செத்த ஷாக் போய் உயிருள்ள ஷாக் வந்ததற்குச் சேரும். அதனால் முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பின் பீம் புஷ், ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் மவுண்ட், லிங்க் ராடு, பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் கடப்பாரை வைத்து நெம்பிப் பாருங்கள். புஷ் கிழிந்த வண்டியில் ஒன்றரை லட்சத்துக்கு காயில்ஓவர் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் பித்தளை மூடி போடுவது மாதிரி. அப்புறம் டயர். ஐந்து வருடம் பழைய, கல்லாகிப்போன டயரோடு எந்த சஸ்பென்ஷனும் பேசாது.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, உயரத்தையும் பெரிதாக மாற்ற வேண்டாம், வளைவில் கொஞ்சம் இறுக்கம் மட்டும் வேண்டும் என்றால் பில்ஸ்டைன் பி6 மாதிரியான ஷாக்கை, கம்பெனியே போட்டுத் தந்த ஸ்டாக் ஸ்பிரிங்கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். லேசாக இறக்கவும் வேண்டும் என்றால் பி8 வகை, அது குட்டை ஸ்பிரிங்குக்காகவே ராடைச் சுருக்கிச் செய்தது. தப்பான வழி ஒன்று உண்டு, நம் ஊரில் அதிகம் நடப்பதும் அதுதான்: பழைய ஸ்டாக் ஷாக்கை அப்படியே விட்டுவிட்டு லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுவது. இறுகிய ஸ்பிரிங்கை அடக்கும் திராணி அந்த ஷாக்குக்குக் கிடையாது, சீக்கிரமே போய்விடும்.

காயில்ஓவர் யாருக்கு? உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் தானே வைத்துக்கொள்ள வேண்டும், கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே ரேஸ் டிராக்கில் வருடத்துக்கு நாலு தடவையாவது ஓட்ட வேண்டும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பவருக்கு. வண்டி தரையோடு ஒட்டிப் படமெடுக்க வேண்டும் என்பதுதான் காரணம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு எரிச்சலைத்தான் தரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படி 2: பெட்டிக்குள் என்ன வருகிறது

முன்பக்கத்துக்கு, திரெட் போட்ட குழாய், அதன்மேல் சுற்றி ஏற்றி இறக்கக்கூடிய தட்டு, அதற்குக் கீழே பூட்டு வளையம், தட்டின் மேல் ஸ்பிரிங். இதுதான் உண்மையான காயில்ஓவர்: ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங், இரண்டுக்கும் ஒரே அச்சு.

போலோவின் பின்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஸ்பிரிங் பீமுக்கும் பாடிக்கும் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும், ஷாக் தனியாக நிற்கும். எனவே பின்னால் உங்களுக்கு வருவது ஒரு குட்டை ஸ்பிரிங், உயரம் மாற்ற ஒரு திரெட் போட்ட அடாப்டர், தனியே ஒரு ஷாக். "பின்னாலும் முழு காயில்ஓவர் மாட்டித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பின் ஷாக்கின் மேல் மவுண்ட் வண்டியின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

உயரம் மாற்றுவதில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்பிரிங் தட்டை மேலும் கீழும் நகர்த்த வேண்டும், ஜெர்மன் செட்கள் பெரும்பாலும் இப்படி. இன்னொன்றில் ஸ்பிரிங்கைத் தொடாமல் அடியில் இருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி, ஷாக்கின் மொத்த நீளத்தையே மாற்றலாம், பி.சி. ரேசிங் பி.ஆர். மாதிரி. இரண்டாவதில் இறக்கும்போது ஷாக்கின் ஓட்டம், அதாவது அது அமுங்கி விரியும் தூரம், குறையாது என்பது நல்ல விஷயம். ஆனால் அந்தத் துணிச்சலில் டயர் ஃபெண்டர் லைனரை உரசும் அளவுக்கு இறக்கிவிடுவார்கள்.

படி 3: டேப் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போங்கள்

நான் சொல்வதிலேயே முக்கியமான படி இதுதான், எல்லாரும் தாண்டிப் போவதும் இதையே.

இந்தியச் சாலை காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அப்படி ஒரு வேகத்தடையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கள் தெருமுனையில் இருப்பதை அளந்தேன்: அகலம் ஒரு மீட்டருக்கும் கம்மி, உயரம் 13 சென்டிமீட்டர், அதுவும் யாரோ மிச்சமிருந்த தாரைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒருபக்கம் தூக்கலாக. தினமும் போகும் வழியில் மிக மோசமான மூன்றை அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் வண்டியை நாலு பேரோடு நிறுத்தி, அடியில் மிகத் தாழ்ந்த இடம் எது என்று பாருங்கள். நம் ஊர் போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் காலி வண்டியில் சுமார் 165 மி.மீ. நாலு பேரும் டிக்கியில் பையும் ஏறினால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே அளந்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இன்னொரு பொறி: இங்கே விற்ற போலோ ஐரோப்பிய போலோவைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்பது. ஜெர்மன் கம்பெனி "30 முதல் 60 மி.மீ. வரை இறங்கும்" என்று போடுவது ஐரோப்பிய உயரத்திலிருந்து. அதை நம் ஊர் வண்டியில் மாட்டினால், தட்டை முழுக்க மேலே ஏற்றி வைத்தாலும் நினைத்ததைவிடத் தாழ்ந்துதான் நிற்கும். ஆகையால் கடைக்காரரிடம் "எவ்வளவு இறங்கும்" என்று கேட்காதீர்கள், அதைக் கேட்காமலேயே சொல்வார். "மிக மேலே வைத்தால் வீல் சென்டரிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை எத்தனை மி.மீ.?" என்று கேளுங்கள். வீல் சென்டரிலிருந்து அளந்தால் டயர் சைஸும் காற்றும் கணக்கில் வராது. அந்த எண் தெரியாதவரிடம் வாங்குவதை யோசியுங்கள்.

இறக்க இறக்க நல்லது என்ற நம்பிக்கையையும் இங்கேயே உடைத்துவிடலாம். மெக்பெர்சன் வண்டியில் லோயர் ஆர்ம் ஸ்டாக் உயரத்தில் வீல் பக்கமாகக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அல்லது ஏறக்குறைய படுத்திருக்கும். வண்டியை இறக்கினால் அந்த ஆர்ம் எதிர்ப்பக்கம் சாயும். அப்போது ரோல் சென்டர் என்கிற, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுகிறது, சாய்க்கிற நெம்புகோல் நீள்கிறது. 50 மி.மீ. இறக்கிய வண்டி அதே ஸ்பிரிங்கில் இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும், அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும், அது நம் ரோட்டில் பல்லைக் கழற்றும். போதாததற்கு ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். என் தீர்ப்பு: போலோவுக்கு 20 முதல் 25 மி.மீ., அதற்குமேல் போனால் லாபம் படத்துக்கு மட்டும்.

படி 4: ஸ்பிரிங் கணக்கு

பயப்பட வேண்டாம், ஒரு பேப்பரும் போன் கால்குலேட்டரும் போதும்.

ஸ்பிரிங் ரேட்டை ஜப்பான், தைவான்காரர்கள் கிலோ/மி.மீ. என்று போடுவார்கள், ஐரோப்பாக்காரர்கள் நியூட்டன்/மி.மீ. என்று. 1 கிலோ/மி.மீ. என்பது 9.8 நியூட்டன்/மி.மீ. காயில்ஓவர் ஸ்பிரிங்காக இருந்தால் பெரும்பாலும் அதன் மேலேயே 60, 170, 40 என்பது போல மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: உள்விட்டம், நீளம், ரேட். வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எது எது என்று பார்த்தாலே புரிந்துவிடும்.

நமக்கு வேண்டியது ரேட் இல்லை, அதிர்வெண். வண்டியின் ஒரு மூலையை அமுக்கிவிட்டால் ஷாக் இல்லாத நிலையில் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண். சொகுசு வண்டி 1 முதல் 1.3 ஹெர்ட்ஸ், இறுக்கமான ரோடு வண்டி 1.5 முதல் 1.8, 2-க்கு மேலே போனால் அது டிராக் சமாச்சாரம்.

போலோவின் முன்பக்க ஒரு மூலையில் டிரைவரோடு சேர்த்து ஸ்பிரிங் தாங்கும் எடை ஏறக்குறைய 300 கிலோ என்று வைப்போம். ஸ்ட்ரட் சாய்வினால் ஸ்பிரிங்கின் வலு முழுசாக வீலுக்குப் போகாது, 90 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். 3 கிலோ ஸ்பிரிங் போட்டால் வீலில் சுமார் 26.5 நியூட்டன்/மி.மீ. அதை மீட்டருக்கு மாற்றி, அதாவது 26,500, அதை 300-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் 1.5 ஹெர்ட்ஸ். 4 கிலோ போட்டால் 1.7. 6 கிலோ போட்டால் 2.1. என் முதல் செட்டில் இருந்தது 8 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தால் 2.4 வருகிறது. அவினாசி ரோடு மேம்பால இணைப்புகளில் என் மனைவி ஏன் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. பின் சீட்டும் பிரயோசனப்படவில்லை, அது வேறு விஷயம்.

பின்பக்க அதிர்வெண் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம், 10 முதல் 20 சதவீதம், கூடுதலாக இருப்பது நல்லது. ஒரு மேட்டை முன் சக்கரம் முதலில் தொடும், பின் சக்கரம் தாமதமாகத் தொடும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் இரண்டும் ஒரு கட்டத்தில் சேர்ந்து, வண்டி தலையாட்டாமல் போகும். ஆனால் டார்ஷன் பீமில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தைப் பொறுத்து வீலுக்குப் போகும் வலு மாறும், எனவே பெட்டியில் போட்ட பின் ஸ்பிரிங் எண்ணை முன் ஸ்பிரிங் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

இங்கேயே ஒரு கட்டுக்கதை. "தட்டை இறுக்கி ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைத்தால் ஸ்பிரிங் கடினமாகிவிடும்." ஆகாது. 5 கிலோ ஸ்பிரிங், மேலே 300 கிலோ எடை: அது 60 மி.மீ. அமுங்கித்தான் நிற்கும். நீங்கள் ஏற்கெனவே 10 மி.மீ. அமுக்கி வைத்திருந்தால் வண்டி மிச்சம் 50-ஐ அமுக்கும், மொத்தம் அதே 60. வண்டி 10 மி.மீ. உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் அப்படியே இருக்கும், சக்கரம் பள்ளத்துக்குள் தொங்கி இறங்கும் தூரம் குறையும்.

படி 5: காசு போக வேண்டிய இடம் ஷாக்

ஸ்பிரிங் வெறும் கம்பிச் சுருள், அதில் பெரிய ரகசியம் இல்லை. விலை வித்தியாசம் முழுக்க ஷாக்கின் உள்ளே இருக்கும் வால்வு, சீல், ராடு இதில்தான்.

உள்ளமைப்பில் இரண்டு வகை. மோனோ ட்யூபில் ஒரே குழாய், எண்ணெயும் அதிக அழுத்தமுள்ள வாயுவும் நடுவே மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கும். 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளுக்கு பில்ஸ்டைன் இதைக் கொண்டுவந்தது. வெப்பம் நேராக வெளிக்குழாய்க்குப் போவதால் டிராக்கில் பத்துச் சுற்று ஓட்டினாலும் எண்ணெய் நுரைக்காது. ட்வின் ட்யூபில் குழாய்க்குள் குழாய், குறைந்த அழுத்தம், மென்மையாக உருளும், நீண்ட நேரம் அடித்து ஓட்டினால் சோர்ந்துபோகும். படித்தவுடன் மோனோ ட்யூப்தான் உசத்தி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மோனோ ட்யூபில் பிஸ்டன் ஓடுவதே வெளிக்குழாயின் உள்சுவரில், தலைகீழாக மாட்டும் சில வகைகளைத் தவிர. ஜல்லி தெறித்து ஒரு சொட்டை விழுந்தால் பிஸ்டன் அங்கே சிக்கும், ஷாக் முடிந்தது. ட்வின் ட்யூபில் அதே சொட்டை விழுந்தால் உள்குழாய் பெரும்பாலும் தப்பிக்கும். ஜல்லி பரப்பிவிட்டு மூன்று மாதம் தார் போடாத ரோட்டில் தினமும் போகிறவருக்கு நல்ல ட்வின் ட்யூப் போதும் என்பது என் கட்சி.

இப்போது கிளிக். இந்த எண்ணைப் பார்த்து மயங்காதவர் கிடையாது. 32 கிளிக் இருப்பதால் 16 கிளிக் உள்ளதைவிட இரண்டு மடங்கு நல்லது என்று அர்த்தம் இல்லை, மலிவு ஷாக்கில் 32-இல் பாதிக்கு ஒன்றும் நடக்காது. என் பழைய செட்டில் 5-க்கும் 20-க்கும் வித்தியாசமே தெரியவில்லை, 25-க்குமேல் திடீரென்று கட்டை வண்டி ஆனது. கேட்க வேண்டியது: அந்தத் திருகு எதை மாற்றுகிறது? ரீபவுண்டு என்றால் அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தை அடக்குவது, கம்ப்ரஷன் என்றால் அமுங்கும் வேகத்தை அடக்குவது. மலிவு செட்களில் ஒரே திருகு இரண்டையும் சேர்த்து இழுக்கும். வேகத்தடைக்கு மென்மையாக வைத்தால் வளைவில் ஆடும், வளைவுக்கு இறுக்கினால் வேகத்தடையில் இடுப்பு போகும்.

ஷாக்காரர்கள் "லோ ஸ்பீடு", "ஹை ஸ்பீடு" என்று பேசும்போது வண்டியின் வேகத்தைச் சொல்லவில்லை. அது பிஸ்டன் நகரும் வேகம். வளைவில் வண்டி மெதுவாகச் சாய்வதும் பிரேக்கில் மூக்கு குனிவதும் லோ ஸ்பீடு. 30-இல் போனாலும் பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் படீரென்று அடிபடுவது ஹை ஸ்பீடு. நல்ல ஷாக் முதலாவதில் இறுக்கிப் பிடித்து, இரண்டாவதில் வால்வைத் திறந்து விட்டுக்கொடுக்கும். நம் ரோட்டுக்கு நீங்கள் காசு கொடுப்பது இந்த ஒரு குணத்துக்காகத்தான். ஓலின்ஸின் ரோடு அண்ட் டிராக் வகை இதில் பெயர் வாங்கியது, விலையும் அதற்கேற்ற மாதிரி.

படி 6: ஒரு கேபிள் டை சொல்லும் உண்மை

ஒரு ரூபாய் பிளாஸ்டிக் டை. ஷாக்கின் பளபளக்கும் ராடில், குழாயின் வாயோடு ஒட்டி, நகரும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். தூசி உறையைத் தூக்கிவிட்டுத்தான் கட்ட முடியும். ஷாக் அமுங்கும்போது குழாய் அந்த டையை மேலே தள்ளும், திரும்ப விரியும்போது டை அங்கேயே நின்றுவிடும். தினமும் போகும் வழியில் ஒரு சுற்று போய்வந்து, வண்டியைத் தரையில் நிறுத்தி, குழாய் வாயிலிருந்து டை வரை அளந்தால் சஸ்பென்ஷன் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் டைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சியது என்றும் தெரியும்.

என் முதல் செட்டில் வண்டி நிற்கும் நிலையிலேயே பம்ப் ஸ்டாப்புக்கு 22 மி.மீ.தான் இருந்தது. மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தாலே அதில் பாதி போய்விடும், மிச்சத்தை ஒரு சின்னப் பள்ளம் முடித்துவிடும், அப்புறம் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பர் கட்டையின் மேல் ஓடுகிறது. நான் ஏழு மாதம் "ஸ்டிஃப்பா இருக்கு, ஸ்போர்ட்டியா இருக்கு" என்று பெருமைப்பட்டது அந்த ரப்பரைத்தான். வண்டி நிற்கும் நிலையில் முன்பக்கம் 50 மி.மீ.யாவது ரப்பரைத் தொடாத ஓட்டம் இருக்க வேண்டும் என்று இப்போது வைத்திருக்கிறேன். வாங்கும் முன்பே ஏற்கெனவே அந்த செட் போட்ட ஒரு வண்டி கிடைத்தால், கையைக் காலைப் பிடித்தாவது ஒரு டை கட்டிப் பாருங்கள்.

படி 7: குழாய், டாப் மவுண்ட், உதிரி

சீக்கிரம் முடித்துவிடலாம். குழாய் துருப்பிடிக்காத ஸ்டீலா, துத்தநாகப் பூச்சா, அலுமினியமா என்று பாருங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர் என்றால் ஸ்டெயின்லெஸுக்குக் கூடுதல் காசு தகும், கே.டபிள்யூ. வேரியன்ட் வரிசையில் அது வரும். உள்ளூரில் துத்தநாகமே போதும், பராமரித்தால். டாப் மவுண்ட் பில்லோ பால் வகை, அதாவது ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு, என்றால் ஸ்டீயரிங் துல்லியம் கூடும், கூடவே ஆறு மாதத்தில் டொக் டொக் சத்தமும் வரும். ரோடு வண்டிக்கு ரப்பர் டாப் மவுண்ட்டே. உதிரி விஷயத்தில் கறாராக இருங்கள்: ஒரு ஷாக் கசிந்தால் ஒற்றையாக வாங்க முடியுமா, இல்லை முழு செட்டா? ரீபில்ட் பண்ண முடியுமா, இந்தியாவுக்குள்ளா, திரும்ப அனுப்பி வைக்கவா? விற்பவர் பதிலை எழுத்தில் தரட்டும்.

படி 8: அப்படியென்றால் எதை வாங்குவது?

நேராகச் சொன்னால், 90 சதவீதம் ரோடு, 10 சதவீதம் மலை என்றால் கிளிக்கே இல்லாத நல்ல செட் போதும். கே.டபிள்யூ. வேரியன்ட் 1, அதே குடும்பத்தின் எஸ்.டி. எக்ஸ், பில்ஸ்டைன் பி14, இதில் எதையும் உயரம் மட்டும்தான் மாற்ற முடியும், ஷாக்கை அவர்களே பார்த்து அமைத்துத் தந்திருப்பார்கள். நீங்களும் நானும் வீட்டு வாசலில் திருகித் தேடுவதைவிட அவர்கள் அமைப்பு பெரும்பாலும் உருப்படியாகவே இருக்கும். தானே திருகிப் பார்க்க ஆசை உண்டு, வருடத்தில் சில டிராக் நாள் உண்டு என்றால் ரீபவுண்டு மட்டும் மாறும் வேரியன்ட் 2 ரகம், அல்லது 10 நிலை கொண்ட பி16. வேரியன்ட் 3-இல் ரீபவுண்டும் கம்ப்ரஷனும் தனித்தனி, ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிற பொறுமை இல்லாதவர் கையில் அது வீண். டெய்ன், பி.சி. ரேசிங் இரண்டும் விலையில் வசதி. பி.சி.யில் ஆர்டர் போடும்போதே ஸ்பிரிங் ரேட்டை மாற்றிக் கேட்கலாம், கேளுங்கள், ஏனென்றால் அவர்கள் சாதாரணமாகப் போடுவது நம் ரோட்டுக்குக் கடினம்.

விலை: நல்ல ஜெர்மன் செட் என்றால் வரி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து லட்சத்தைச் சுற்றியும் அதற்கு மேலும் தயாராக இருங்கள். அலைன்மென்ட், புது டாப் மவுண்ட், லிங்க் ராடு, மாட்டும் கூலி என்று இன்னும் ஒரு 20,000 தனியே எடுத்து வையுங்கள். செகண்ட் ஹேண்ட் எனக்கு வேண்டாம், உங்களுக்கு உங்கள் விருப்பம். ராடில் நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் சிக்கினால் அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும்.

படி 9: சட்டம்

யாரும் பேச விரும்பாத படி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெட்டியில் வரும், ஜெர்மன் பரிசோதனை அமைப்பான டூவின் சான்றிதழை ஆர்.டி.ஓ.விடம் நீட்டினால் ஒன்றும் நடக்காது, இங்கே அதற்கு மதிப்பு இல்லை. ஆனால் தூக்கிப் போடாதீர்கள், கம்பெனி எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை சோதித்தது என்று அதில் இருக்கும். இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கிளெய்ம் வரும்போது அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும். ஸ்டாக் சஸ்பென்ஷனை விற்காமல் பரணில் வையுங்கள்.

படி 10: மாட்டும் நாள்

கூடவே நில்லுங்கள். மெக்கானிக் அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஸ்டாக் ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம், சுருங்கி நிற்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே முடித்துவிடும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். புது ஷாக்கின் மேல் நட்டை இம்பாக்ட் கன் போட்டு முறுக்க விடாதீர்கள், ராடு உள்ளே சுழன்று சீல் போய்விடும், ஆலன் கீயால் ராடைப் பிடித்துக் கையால்தான் முடுக்க வேண்டும். திரெட் துருவேறி இறுகாமல் இருக்க லேசாக ஆன்டி சீஸ் பசை தடவுங்கள். தட்டின் உயரத்தை இருபக்கமும் ஸ்கேல் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டு வந்துவிட்டுப் பூட்டுங்கள்.

இனி சொல்வதுதான் பத்தில் ஒன்பது கேரேஜில் நடக்காதது. லோயர் ஆர்ம், பின் பீம் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி லிஃப்டில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில், வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால், வண்டியை இறக்கிய அந்த நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒரு வருடத்தில் கிழியும், அப்புறம் "காயில்ஓவர் போட்டதும் புஷ் போயிடுச்சு" என்று பழி அதன்மேல் விழும். லிங்க் ராடையும் பாருங்கள்: வண்டி இறங்கியதும் அது ஆர்மிலோ டிரைவ் ஷாஃப்டிலோ உரசினால் குட்டை லிங்க் தேவை.

படி 11: 500 கிலோமீட்டருக்கு அப்புறம்

ஸ்பிரிங் உட்கார்ந்து 5 மி.மீ. வரை இறங்கலாம். அதற்கு அப்புறம் உயரத்தைத் திருத்தி, பூட்டு வளையத்தை மறுபடி முடுக்கி, பிறகு அலைன்மென்ட். முதல் நாளே அலைன்மென்ட் செய்தால் அது தற்காலிகம், ஐந்நூறில் மறுபடி செய்ய வேண்டும். முன்பக்கம் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மைனஸ் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சுழிக்குப் பக்கத்தில். உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோ. பின்னால் பீம் என்பதால் திருப்ப ஒன்றும் இல்லை, அளவுகள் இருபக்கமும் ஒத்து இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கிளிக் உள்ள செட் என்றால் முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணுங்கள், முடிவில் பலம் போட்டு அழுத்தாதீர்கள், ஊசி வால்வு நசுங்கும். நடுவில் தொடங்கி ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில், ஒரு முனையை மட்டும் இரண்டு கிளிக் மாற்றுங்கள். மேட்டைத் தாண்டியதும் வண்டி இரண்டாவது தடவை குதித்தால் ரீபவுண்டு போதவில்லை. வரிசையாகப் பள்ளம் வரும்போது வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசிப் பள்ளத்தில் மட்டும் இடித்தால் ரீபவுண்டு அதிகம்: ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காமல் ஷாக் அதைக் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது. இந்த இரண்டாவதைப் பலர் "இன்னும் இறுக்கணும்" என்று புரிந்துகொண்டு மேலும் கெடுப்பார்கள்.

இப்போது என் வண்டியில் இருப்பது ரீபவுண்டு மட்டும் மாறும் ஒரு ட்வின் ட்யூப் செட், முன்பக்கம் 4 கிலோ, ஸ்டாக்கைவிட 22 மி.மீ. தாழ்வு. வால்பாறை ஏறி இறங்கி வந்து பார்த்தால் கேபிள் டை ரப்பருக்கு 9 மி.மீ. கீழே நின்றிருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த பின்னால் ஒரு தடவை, திரெட்டைப் பிரஷ் போட்டுக் கழுவி, தட்டை இரண்டு சுற்று மேலே கீழே ஓட்டிவிட்டு பழைய இடத்திலேயே பூட்டி வைக்கிறேன். பழைய செட்டில் அதைச் செய்யாமல் விட்டு, பூட்டு வளையத்தை லேத் பட்டறையில் உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது.